150 பிஎஸ்ஐ என்று அச்சிடுகிறீர்கள், எத்தனை நிமிடம் என்று ஏன் அச்சிடுவதில்லை?

கையடக்கக் காற்றுக் கம்ப்ரசர் தயாரிப்பவர்களுக்கும் அதை விற்பவர்களுக்கும்,

வணக்கம்.

டயர் கழற்றி மாட்டுவதும், பாதியில் நின்றுபோன சிறு கம்ப்ரசர்களைப் பிரித்துப் பார்ப்பதும் எங்கள் அன்றாட வேலை. உங்கள் பெட்டிகளில் அச்சிட்டிருப்பதை நம்பி வாங்குபவர்கள் எங்கே ஏமாறுகிறார்கள் என்பது அந்த வேலையிலேயே தெரிந்துவிடுகிறது. அதை மாற்றும்படி கேட்கவே இந்த மடல்.

பெட்டியின் முன்பக்கத்தில் மிகப் பெரிய எழுத்தில் இருப்பது '150 பிஎஸ்ஐ'. பிஎஸ்ஐ என்பது காற்றழுத்தத்தின் அளவு, சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று. வாங்க வருபவர் 120 போட்டதைத் திரும்ப வைத்துவிட்டு 150-ஐ எடுத்துக்கொண்டு போகிறார். காருக்கு வேண்டியது பெரும்பாலும் 30 முதல் 35 பிஎஸ்ஐ. ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னிக்கு 60. பாரம் ஏற்றும் சிறு வேனின் பின்சக்கரத்துக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதல். அப்படியிருக்க 150 யாருக்கு? ஹோஸின் வாயை அடைத்துவிட்டு ஓடவிட்டால் கம்ப்ரசர் எட்டுகிற உச்ச அழுத்தம் அது. அந்த நிலையில் பம்பு தள்ளும் காற்று கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. பம்பு எங்கே திணறி நிற்கும் என்பதைப் பெரிதாகப் போட்டுவிட்டு, டயரை எவ்வளவு நேரத்தில் நிரப்பும் என்பதை விட்டுவிடுகிறீர்கள்.

'நிமிடத்துக்கு 35 லிட்டர்' என்று சிலர் போடுவதுண்டு. அதுவும் பாதிச் செய்திதான், ஏனென்றால் அது எதிர்ப்பே இல்லாமல் வெறுமனே ஓடவிட்டு அளந்தது. பிஸ்டன் மேலேறி நிற்கும் இடத்துக்கும் சிலிண்டரின் தலைக்கும் நடுவே சிறு இடைவெளி இருந்தே தீரும். அதில் தங்கிவிடும் அழுத்தக் காற்று, பிஸ்டன் இறங்கும்போது மறுபடி விரிந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. புதுக்காற்று அந்த அளவுக்குக் குறைவாக உள்ளே வருகிறது. டயரில் அழுத்தம் ஏற ஏற இந்தத் தங்கல் காற்றின் பங்கும் ஏறும், மோட்டாரும் சுமை தாங்காமல் வேகம் குறையும். சும்மா ஓடும்போது 35 லிட்டர் தள்ளும் சின்னப் பம்பு, 30 பிஎஸ்ஐக்கு எதிராக அதில் பாதி தள்ளினாலே நல்ல பம்பு என்போம்.

கணக்கு ஒன்றும் கடினமில்லை. 205/55 ஆர்16 என்று பக்கச்சுவரில் அளவு போட்ட கார் டயருக்குள் இருக்கும் இடம் சுமார் 30 லிட்டர். வளிமண்டல அழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. டயரை 20 பிஎஸ்ஐயிலிருந்து 33-க்கு ஏற்ற, வித்தியாசமான 13-ஐ 14.7-ஆல் வகுத்து 30-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 26 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். அடியோடு இறங்கிய டயருக்கு 67 லிட்டர். சுமையில் நிமிடத்துக்கு 15 லிட்டர் தள்ளும் பம்புக்கு முதலாவது இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற வேலை, இரண்டாவது நாலரை நிமிட வேலை. சின்னக் காருக்கு மாதம் ஒருமுறை இரண்டு மூன்று பிஎஸ்ஐ ஏற்றிக்கொள்பவருக்கு மலிவான ஒற்றைச் சிலிண்டர் பம்பே தாராளம். இதை நீங்களே சொன்னால் அவருக்குப் பணம் மிச்சம், உங்களுக்கு நல்ல பேர்.

அதே பம்பைப் பெரிய வண்டிக்காரர் வாங்கிப்போனால் கதை வேறு. 265/65 ஆர்17 டயருக்குள் சுமார் 70 லிட்டர் இடம். மணலில் ஓட்ட 18-க்கு இறக்கிய டயரைத் தார்ச்சாலைக்கு வந்ததும் 35-க்கு ஏற்ற ஒவ்வொன்றுக்கும் 80 லிட்டர், நான்குக்கும் 320. நிமிடத்துக்கு 15 லிட்டர் என்றால் 21 நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டும். உங்கள் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் '10 நிமிடம் ஓடினால் 10 நிமிடம் ஓய்வு' என்று இருக்கும். ஆக, சாலையோரத்தில் 40 நிமிடம். அவர் ஓய்வு கொடுக்கமாட்டார், ஓட்டிக்கொண்டே இருப்பார். மூன்றாவது டயரில் பம்பு நிற்கும். ஓய்வு நேரம் பெட்டியின் முன்பக்கத்துக்கு வர வேண்டிய செய்தி.

நின்றுபோன பம்பைப் பிரித்தால் உள்ளே என்ன இருக்கும் தெரியுமா? மூடியின் திருகுகளைக் கழற்றியதும் மோட்டார் அச்சின் நுனியில் ஒரு சிறு உலோகப் பல்சக்கரம், அதோடு கோத்த பெரிய வெள்ளை நைலான் பல்சக்கரம். அந்த நைலானில் அடுத்தடுத்து மூன்று நான்கு பற்கள் மழுங்கி, உருகிய மெழுகுபோல் ஒருபக்கம் சாய்ந்திருக்கும். சிலிண்டரின் சூடு இணைப்புத் தண்டு வழியாக இறங்கி அதை இளக்கிவிடுகிறது. மோட்டார் வழக்கத்தைவிட வேகமாகக் கத்துகிறது, காற்று வரவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான். காற்று வருகிறது, ஆனால் 20-க்கு மேல் ஏறவில்லை என்றால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கும், அல்லது வால்வின் மெல்லிய எஃகுத் தகட்டுக்கு அடியில் மணல் துகள் சிக்கியிருக்கும். காற்று உள்ளே போகும் துளைக்கு ஒரு துண்டு ஸ்பாஞ்சு வைத்தால் அந்தத் துகள் வராது. பலர் அதையும் வைப்பதில்லை. இன்னொன்று: இந்தச் சின்னப் பம்புகள் எண்ணெய் இல்லாமல் ஓடவே வடிவமைத்தவை. நல்லது செய்வதாக நினைத்து உள்ளே எண்ணெய் விடுகிறார்கள், தூசியோடு சேர்ந்து அது பசையாகி வளையத்தைத் தின்றுவிடுகிறது. 'எண்ணெய் விடாதீர்கள்' என்று பம்பின் உடம்பிலேயே இரண்டு சொல் பொறித்துவிடுங்கள்.

அடுத்தது மின்சாரம். காரின் 12 வோல்ட் சாக்கெட்டுக்குப் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ்தான். 15 ஆம்பியர் என்றால் 180 வாட், அவ்வளவே. இரட்டைச் சிலிண்டர் பம்பு 25, 30 ஆம்பியர் இழுக்கும். அதைப் பேட்டரி முனையில் கிளிப் போட்டுத்தான் ஓட்ட வேண்டும், கிளிப் ஒயரிலேயே ஃபியூஸும் வேண்டும். எல்லைக்கோட்டில் நிற்கும் 14 ஆம்பியர் பம்புக்குச் சாக்கெட் பிளக்கைப் போட்டு விற்பவர்களைத்தான் குறிப்பாகக் கேட்கிறோம்: அந்தப் பிளக்கின் நடு ஊசி ஒரு சுருள்வில்லில் நிற்கிறது. தொடுவது சரியாக இல்லாவிட்டால் அங்கேயே சூடேறும், சுற்றியிருக்கும் கருப்புப் பிளாஸ்டிக் இளகி சாக்கெட்டுக்குள் ஒட்டிக்கொள்ளும். எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று பெட்டியில் தெளிவாகப் போடுங்கள். பிளக்கின் மூக்கைத் திருகினால் உள்ளே கண்ணாடி ஃபியூஸ் இருக்கும் என்பதே பலருக்குத் தெரியாது. அதையும் சொல்லி, மாற்று ஃபியூஸ் ஒன்றும் வையுங்கள். ஒயரும் ஹோஸும் சேர்ந்து பின்சக்கரம்வரை எட்டாத பம்பு எத்தனை வலுவாக இருந்தும் பயனில்லை. நீளம் கூட்டும்போது கம்பியின் தடிமனையும் கூட்டுங்கள், இல்லாவிட்டால் வோல்ட் வழியிலேயே விழுந்துவிடும். இன்ஜினை ஓடவிட்டுக் காற்றடித்தால் பம்பு வேகமாக ஓடும், பேட்டரியும் இறங்காது. ஆனால் திறந்த வெளியில் மட்டும், மூடிய ஷெட்டில் கூடாது என்றும் அச்சிடுங்கள். புகைபோக்கியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

பேட்டரியில் ஓடும் பம்புகளில் வேறொரு குளறுபடி. செல்லில் எவ்வளவு மின்னேற்றம் கொள்ளும் என்பதை எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) என்று போடுகிறார்கள். 2000 எம்ஏஎச் செல் மூன்றைத் தொடராக இணைத்தால் 11.1 வோல்ட், அப்போதும் 2000 எம்ஏஎச்தான். அதையே கூட்டி 6000 என்று போடுகிறவர்கள் உண்டு. வோல்ட்டையும் சேர்த்துப் பெருக்கி வாட்-மணியில் சொன்னால் இந்த விளையாட்டு நடக்காது: 11.1 வோல்ட், 2 ஆம்பியர்-மணி, ஆக சுமார் 22 வாட்-மணி. மோட்டார் 80 வாட் இழுத்தால் முழு சார்ஜில் 16 நிமிட ஓட்டம், அதுவும் செல் புதிதாக இருக்கும்போது. வெயிலில் நிற்கும் காருக்குள் மாதக்கணக்கில் கிடந்தால் லித்தியம் செல்லின் ஆயுள் வேகமாகக் குறையும். அவசரத்துக்கென்று காரிலேயே போட்டு வைப்பவருக்கு ஒயர் பம்பே நம்பகம், அல்லது இரண்டிலும் ஓடுவது.

அழுத்தம் காட்டும் கேஜைப் பற்றி நாங்கள் அதிகம் கவலைப்படுகிறோம், ஏனென்றால் அங்கே தவறினால் தவறியதே தெரியாது. 150 வரை கோடு போட்ட முள் கேஜில் முழு அளவில் 3 சதவீதப் பிழை என்றால் 4.5 பிஎஸ்ஐ. 33 என்று நினைத்து 29-இல் ஓட்டிக்கொண்டிருப்பார். டிஜிட்டல் திரையில் அரைப் புள்ளிவரை எண் தெரிவதால் அது சரியான எண் என்று ஆகிவிடாது, எவ்வளவு முன்பின் இருக்கும் என்பதைத் தனியாக அச்சிட வேண்டும். பம்பு ஓடும்போது கேஜ் பார்ப்பது ஹோஸின் தொடக்கத்தில் உள்ள அழுத்தத்தை. மெல்லிய ஹோஸில் அது டயரைவிட இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூடவே காட்டும். தானாக நிற்கும் வசதியும் பல பம்புகளில் இந்த எண்ணை வைத்தே நிறுத்துகிறது. 33 வைத்தால் நின்றதும் 31 காட்டுவது இதனால்தான். நிறுத்தி, அளந்து, தேவையானால் மறுபடி ஓடும்படி உள்ளே இருக்கும் புரோகிராமை மாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.

ஹோஸ் முனையிலும் கவனம் வேண்டும். திருகிப் பூட்டும் முனை காற்றைக் கசியவிடாது, ஆனால் கழற்றும்போது இரண்டு சுற்றுக்குக் காற்று சீறும். சின்ன டயரில் அந்த இழப்பே ஒரு பிஎஸ்ஐ இருக்கும். கையால் மடக்கிப் பூட்டும் முனை சட்டென்று கழலும், ரப்பர் தேய்ந்தால் நழுவும். அழுத்த சென்சார் உள்ள சக்கரங்கள் பலவற்றில் வால்வுத் தண்டு அலுமினியம். அதில் பித்தளை முனையைத் திருகி அப்படியே மாதக்கணக்கில் விட்டால் ஈரத்தில் இரண்டும் பிடித்துக்கொள்ளும், பிறகு வலிந்து திருகினால் தண்டே ஒடியும். வேலை முடிந்ததும் கழற்றிவிடச் சொல்லுங்கள். பம்பை ஒட்டிய உலோக இணைப்பு நாலைந்து நிமிடத்தில் தொட முடியாத சூட்டுக்கு வந்துவிடும், அங்கே கைபடாமல் ஒரு உறை போடுங்கள்.

கையேட்டில் இல்லாமலே போவது டயர் பக்கத்துச் செய்தி. காற்று வைக்க வேண்டிய அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டிய தாளில் இருக்கும், டயரின் பக்கச்சுவரில் இருப்பது அதன் உச்ச எல்லை. வண்டி மூன்று மணி நேரமாவது நின்றபின் அளக்க வேண்டும், ஏனென்றால் 10 டிகிரி சூடு கூடினால் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். காற்றில்லாமல் உருட்டிய டயரின் பக்கச்சுவர் உள்ளே நைந்திருக்கும், அதைச் சாலையோரத்தில் நிரப்பி ஓட்டக்கூடாது. ரிம்மிலிருந்து விளிம்பு கழன்ற டயர் இந்தப் பம்பில் உட்காராது, அதற்கு ஒரே வீச்சில் ஏராளமான காற்று வேண்டும். லாரிச் சக்கரத்துக்கு இது கருவியே அல்ல.

ஆகவே பெட்டியின் முன்பக்கத்தில் 150 இருந்த இடத்தில், '205/55 ஆர்16 டயர் 20-லிருந்து 33-க்கு: இத்தனை நிமிடம், இத்தனை விநாடி' என்று போடுங்கள். அதன் கீழே தொடர்ந்து ஓடும் நேரம், ஓய்வு நேரம், ஆம்பியர், கேஜின் பிழை அளவு. பிஸ்டன் வளையம், காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் ஓ-ரிங், பல்சக்கரம் மூன்றையும் தனியாக விற்பனைக்கு வையுங்கள். பிரித்துப் பார்த்து, என்ன போயிற்று என்று தெரிந்தும் வளையம் கிடைக்காததால் தூக்கிப்போட்ட பம்புகள் எங்களிடம் குவிந்து கிடக்கின்றன. விற்பவர்களே, கடையில் ரிம்மோடு ஒரு பழைய டயரும், நம்பகமான தனிக் கேஜ் ஒன்றும் வையுங்கள். வாங்க வருபவர் தானே ஓட்டி, நிறுத்தி, அளந்து பார்த்து எடுத்துப்போகட்டும்.

இப்படிக்கு,
டயர் வேலையும் கம்ப்ரசர் பழுதுபார்ப்பும் செய்வோர்