நலேரிகு சந்தையில் உன் கம்பு

நலேரிகு, வடகிழக்கு கானா
ஜூலை மாதக் கடைசி

அன்பு மகளுக்கு,

கர்த்தருடைய கிருபையால் இங்கே நான் சுகம். கம்புப் பயிர் ஆராய்ச்சி என்று போயிருக்கிற நீயும் விடுதியில் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன கடிதத்தில் ஒரு வரி எழுதியிருந்தாயே, “அம்மா, நீங்க அங்க உயிரைக் காப்பாத்துறீங்க, நான் இங்க வெயில்ல நின்னு கம்பங்கதிருக்குக் காகித உறை மாட்டிக்கிட்டிருக்கேன்” என்று. அதைப் படித்ததிலிருந்து உனக்கு நிதானமாக எழுத வேண்டும் என்று இருந்தேன். வார்டு வேலையில் கை ஒழியவில்லை. நேற்று லீவு கிடைத்தது, நல்லவேளையாகச் சந்தை நாளும் அதுவேதான். இங்கே சந்தை மூன்று நாளுக்கு ஒருமுறை கூடும். ஞாயிறு, திங்கள் என்ற கணக்கெல்லாம் அதற்குக் கிடையாது. அதனால் என் லீவும் சந்தையும் சேர்ந்து வருவது அபூர்வம்.

இந்த ஊரைப் பற்றி உனக்கு அதிகம் எழுதியதில்லை. நான் டாக்டராக வேலை பார்க்கிற இந்த ஆஸ்பத்திரியை 1958-ல் பாப்டிஸ்ட் மிஷனரிகள் கட்டியதால் இது ஏதோ மிஷன் ஊர் என்று வெளியே நினைக்கிறார்கள். உண்மையில் இது மாம்புருசி ராஜாக்களின் தலைநகரம். ராஜாவை நயிரி என்பார்கள், அவருடைய அரண்மனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. 2019-ல் வடகிழக்கு மாகாணம் என்று புதிதாகப் பிரித்தபோது மாகாணத் தலைநகரும் இதுவே ஆனது. நா ஜாரிங்கா என்ற பழைய ராஜா ஊரைச் சுற்றிக் கட்டிய மண்சுவரில் மிச்சம் இருப்பதைக் காட்டினார்கள். பாலும் தேனும் ஊற்றிக் குழைத்த மண் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

ராத்திரி மழை பெய்து செம்மண் பாதை முழுக்கச் சேறு. எங்கள் சீனியர் நர்ஸ் அக்கா ஒருவர் துணைக்கு வந்தார். அவர் இல்லாமல் நான் சந்தைக்குள் நுழைந்தால் வெளியே வர வழி தெரியாது. இந்த ஊர் மொழியான மாம்ப்ருலியில் யார் வணக்கம் சொன்னாலும் “நா” என்று பதில் சொல்ல வேண்டும். வாசலிலிருந்து கிழங்குக் கடை வரைக்கும் நான் “நா, நா” என்று சொல்லிக்கொண்டே போனேன். மோட்டார் கிங் என்கிற மூன்று சக்கர வண்டிகள் மூட்டைகளோடு பெண்களையும் ஆடுகளையும் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் சேனைபோலப் பெரிய பெரிய யாம் கிழங்குகள், இன்னொரு பக்கம் கட்டிக்கட்டியாக ஷியா வெண்ணெய், கால் கட்டிய கினிக்கோழிகள், ஒரு மரத்து விதையைப் புளிக்க வைத்து உருட்டிய தவதவா உருண்டைகள். தவதவா வாடை நம்ம ஊர்க் கருவாட்டுக் கடையைத் தாண்டும். ஆனால் குழம்பில் அது இல்லாமல் இங்கே யாரும் கரண்டி வைப்பதில்லை.

தானியம் விற்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வந்ததும் நான் நின்றுவிட்டேன். உன் கம்பு! புதுக் கம்பு, அறுத்துச் சில நாள்தான் ஆகியிருக்கும். மே மாத மழைக்கு விதைத்து ஜூலையில் அறுக்கிற முந்திக் கம்பு இது. கதிரோடும் ஒருத்தி வைத்திருந்தாள். நம்ம ஊர்க் கம்பங்கதிர் மாதிரி நீளமாக இல்லை, குட்டையாக, பருமனாக, அடர்த்தியாக இருந்தது. மணியைக் கையில் உருட்டிப் பார்த்தேன். நம்ம கம்பைவிட நல்ல பருமன், உருண்டை, சாம்பல் நிறத்தில் ஒரு மினுமினுப்பு. எனாமல் கிண்ணத்தில் அளக்கிறார்கள். கிண்ணம் நிறைந்ததும் நிறுத்துவதில்லை. இடது முழங்கையை வளைத்து அணை கட்டி, வலது கையால் மேலே குவித்துக் குவித்து, கோபுரம் சரிந்து வழியும் வரை போடுகிறார்கள். வழிந்தது வாங்குகிறவருக்கு. அதற்குப் பிறகும் ஒரு பிடி கொசுறு.

அளந்து போட்ட பெண் என்னையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. நர்ஸ் அக்கா சொன்ன பிறகுதான் தெரிந்தது, பிரசவத்துக்கு வந்தபோது ரத்தம் ஐந்து கிராம் கூட இல்லாமல், நாக்கு வெள்ளைக் காகிதமாக வெளுத்து, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவள். அவளுடைய அண்ணன்மார் ரத்தம் கொடுத்தார்கள். இப்போது முதுகில் குழந்தையைத் துணியால் இறுக்கிக் கட்டியபடி மூட்டை தூக்குகிறாள். வார்டில் படுத்திருக்கும்போது எல்லோர் முகமும் ஒன்றுபோல ஆகிவிடுகிறது, மகளே. இவ்வளவு கணக்கும் பேரமும் சிரிப்பும் இவளுக்குள் இருந்தது என்று அன்றைக்கு எனக்கு எப்படித் தெரியும்?

கம்பு விளைகிற ஊரிலேயே ரத்தசோகையா என்று நீ கேட்பாய். மலேரியா ஒரு காரணம், கொக்கிப்புழு ஒரு காரணம், அடுத்தடுத்த பிரசவம் ஒரு காரணம். இன்னொன்று, போன வருஷத்துத் தானியம் தீர்ந்து புதுசு வருவதற்கு முன் வரும் பஞ்ச மாதங்கள். மே, ஜூன் மாதங்களில் குதிர் காலியாகிவிடும். காட்டு வேலையும் அப்போதுதான் அதிகம். கர்ப்பிணிகள் பாதி வயிற்றோடு மண்வெட்டி பிடிக்கிறார்கள். அந்தப் பசிக்கு முடிவு கட்டுவது இந்த முந்திக் கம்புதான். சோளமும் பின்பருவக் கம்பும் வர இன்னும் மாதக்கணக்கில் ஆகும்.

அப்புறம் நீ அனுப்பிய கட்டுரை நினைவுக்கு வந்தது. அதில் இனியாடி என்று வருகிற கம்பு இதன் கூட்டம்தானே? டோகோ, கானா, புர்கினா ஃபாசோ, பெனின் சேருகிற இந்தப் பகுதியின் நாட்டுக் கம்பு. டோகோ எல்லை இங்கிருந்து கிழக்கே அதிக தூரமில்லை. வடக்கு டோகோவின் இனியாடியிலிருந்து தேர்ந்தெடுத்துத்தான் இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரர்கள் ஐசிடிபி 8203 என்ற ரகத்தை உண்டாக்கினார்கள், 1988-ல் இந்தியாவில் வெளியிட்டார்கள், அதையே மறுபடி இரும்புச்சத்துக்காகச் சலித்துச் சலித்து எடுத்ததுதான் தனசக்தி என்ற கம்பு ரகம் என்று அதில் போட்டிருந்தது. கிலோவுக்குச் சுமார் 70 மில்லிகிராம் இரும்பு. நான் ஊசியாகவும் மாத்திரையாகவும் ரத்தப் பையாகவும் ஏற்றுகிற இரும்பை, இந்தப் பெண்களின் பாட்டிமார் பொறுக்கி வைத்த விதையிலிருந்து உன் துறைக்காரர்கள் எடுத்திருக்கிறார்கள். அதையும் கதிருக்கு உறை மாட்டித்தானே எடுத்திருப்பார்கள்? வெளி மகரந்தம் படாமல் காக்கத்தான் உறை மாட்டுவது என்று நீதான் எனக்குச் சொன்னாய்.

கம்பு நம்மிடம் வந்தது இன்றைக்கு நேற்றைக்கு அல்ல. மாலி நாட்டின் திலெம்சி பள்ளத்தாக்கில் கி.மு. 2500 வாக்கிலேயே அதைப் பயிராக்கியிருக்கிறார்கள், கி.மு. 1700 வாக்கில் அது இந்தியாவை எட்டிவிட்டது. அந்தக் காலத்துக் கருகிய கம்பு மணிகள் இந்த நலேரிகுவுக்குப் பக்கத்திலேயே, பிரிமி என்ற இடத்தில், தோண்டி எடுக்கப்பட்டிருக்கின்றன. நம்ம தட்டைப்பயறும் மேற்கு ஆப்பிரிக்கச் சொத்துதான். மத்திய கானாவின் கிந்தாம்போ பகுதியில் கிடைத்தவை மிகப் பழைய தட்டைப்பயறுகளில் சேர்ந்தவை. சந்தையில் அந்தப் பயற்றை ஊறவைத்துத் தோல் நீக்கி, அரைத்து, வெங்காயமும் மிளகாயும் போட்டு அடித்து எண்ணெயில் விடுகிறார்கள். கூசே என்று பெயர். நான் நின்ற நிலையில் நாலு சாப்பிட்டேன். மாடு மேய்க்கிற ஃபுலானி இனத்துப் பெண்கள் கம்பு மாவு உருண்டையைப் பாலில், தயிரில் கரைத்துக் கொடுக்கிறார்கள். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம் கிடைத்திருந்தால் நான் பாளையங்கோட்டையில் இருக்கிறேன் என்றே நினைத்திருப்பேன்.

இதைச் சொல்லிவிட்டு அடுத்ததைச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை. சந்தைக் கோடியில் ஒரு பையன் தட்டு நிறைய மாத்திரை அட்டைகளை வைத்து விற்றுக்கொண்டிருந்தான். எடுத்துப் பார்த்தேன். டிரமடால் என்ற வலி மாத்திரை, 225 மில்லிகிராம். நான் வலிக்கு எழுதுவது 50, மிஞ்சினால் 100. மூட்டை தூக்குகிறவர்களும் வண்டி ஓட்டுகிறவர்களும் களைப்புத் தெரியாமல் இருக்க இதை விழுங்குகிறார்கள். வலிப்பு வந்து எங்கள் அவசரப் பிரிவுக்கு வரும் இளவட்டங்களில் சிலரை விசாரித்தால் இதுதான் காரணம். அட்டையின் பின்னால் இந்தியாவில் தயாரிக்கப்பட்டது என்று அச்சடித்திருந்தது. 2018-ல் நம்ம அரசாங்கம் டிரமடாலைப் போதைமருந்துச் சட்டத்துக்குள் கொண்டுவந்தும் ஏதோ வழியில் வந்துகொண்டுதான் இருக்கிறது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கம்பும் பயறும் கொடுத்த ஊருக்கு நாம் திருப்பி அனுப்புவது இதுவா?

நர்ஸ் அக்காதான் என்னைச் சமாதானப்படுத்தினார். 1996, 97-ல் இந்தப் பக்கமெல்லாம் மூளைக்காய்ச்சல் வந்தபோது அவர் பயிற்சி மாணவி. வறண்ட காற்று வீசும் மாதங்களில் அது வரும். அந்தத் தடவை ஆப்பிரிக்கா முழுவதும் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் நோய், 25,000 பேர் சாவு. தரையில் பாய் போட்டுப் பிள்ளைகளைப் படுக்க வைத்தார்களாம். பிறகு 2012-ல் வடக்கு கானா முழுவதும் மென்ஆஃப்ரிவாக் தடுப்பூசி போட்டார்கள். புனேயில் செய்த ஊசி, ஒரு டோஸ் அரை டாலருக்கும் குறைவு. அதற்குப் பிறகு அந்த ஏ வகை மூளைக்காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. “அதுவும் உங்க ஊர்லேருந்துதான் வந்துச்சு, டாக்டர்” என்றார். சந்தை நடுவில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதனால்தான் உன் வரிக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். நான் ஒரு ராத்திரிக்கு ஒரு பெண்ணைக் காப்பாற்றலாம். அவள் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி வெளுத்துப்போய் வருவதை என்னால் தடுக்க முடிவதில்லை. பாக்கூ என்ற ஊருக்குப் பக்கத்தில் மங்காவில் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, இந்த முந்திக் கம்பில் வேலை செய்கிறார்கள். நைஜரில் சக்தி என்ற, இரும்புச்சத்து மிகுந்த கம்பு ரகம் விவசாயிகள் கைக்கு வந்துவிட்டது. நீ வெயிலில் நிற்பது எதற்கு என்று இனி உனக்குச் சந்தேகம் வந்தால், முதுகில் பிள்ளையோடு கம்பு அளந்த இந்தப் பெண்ணை நினைத்துக்கொள். நான் உன்னோடு சேர்த்து அவளையும் ஜெபத்தில் வைத்திருக்கிறேன்.

ஒரு பிடி கம்பு உனக்கு அனுப்ப ஆசையாக இருந்தது. விதையைத் தபாலில் போடக் கூடாது, அனுமதியும் தாவரப் பரிசோதனையும் வேண்டும் என்று நீயே திட்டுவாய், அதனால் போடவில்லை. கதிரையும் மணியையும் ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்திருக்கிறேன், வைஃபை வரும்போது அனுப்புகிறேன். உங்கள் விதைச் சேகரிப்பில் இந்தப் பக்கத்து இனியாடி இருக்கிறதா, கானாவில் எந்த ஊரில் எடுத்தது என்று உன் கைடிடம் கேட்டு எழுது. அந்தப் பெண் கேட்டால் நான் சொல்ல வேண்டும்.

அப்பாவிடம் பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடச் சொல். வயலுக்குப் போகும்போது தொப்பி போட்டுக்கொண்டு போ.

முத்தங்களுடன்,
அம்மா