கிறிஸ்துமஸ் தாத்தாவின் தொப்பியைக் குழந்தைகள் தின்கிறார்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் கிறிஸ்துமஸ் கேக் அலங்காரத்துக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். பனி மூடிய குடிசை, தங்க மினுமினுப்புத் தூவிய ஊசியிலை மரம், கலைமான் வண்டியில் கிறிஸ்துமஸ் தாத்தா என்று படங்கள் கண்ணைப் பறித்தன. அதற்கு மறுப்பாகப் புதன்கிழமை ஒரு வாசகர் எழுதியிருந்தார். பனியே விழாத ஊரில் கேக்கின் மேல் பனி எதற்கு, பனை மரமும் மாட்டு வண்டியும் வைத்தால் ஆகாதா என்பது அவர் வாதம்.

பாளையங்கோட்டையில் மனையியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். டிசம்பர் பிறந்துவிட்டால் பழைய மாணவிகளுக்கும் தெருக்காரர்களுக்கும் ஆர்டரின் பேரில் கேக் செய்து கொடுக்கிறேன். எனவே இந்த வழக்கில் நானும் ஒரு கட்சிக்காரிதான்.

வாசகரின் பனிக் கோபம் எனக்கு விளங்கவில்லை. கொலுப்படியின் அடியில் மிருகக்காட்சி சாலையும் கிரிக்கெட் மைதானமும் வைக்கிறோம். புராணத்தில் கிரிக்கெட் உண்டா என்று எவரும் கேட்பதில்லை. எங்கள் வீட்டுக் குடிலின் கூரையில் பஞ்சு ஒட்டுவதும் அப்படித்தான். குழந்தைகளுக்குப் பிடித்திருக்கிறது, ஒட்டுகிறோம். கேக்கில் பனி இருக்கட்டும். அந்தப் பனி எதனால் ஆனது என்பதுதான் என் கேள்வி. இரண்டு பக்கக் கட்டுரையிலும் அதற்கு ஒரு வரி கூட இல்லை.

போன வருடம் எங்கள் வீட்டுக்கு அன்பளிப்பாக ஒரு கேக் வந்தது. மேலே கை அகலத்தில் கிறிஸ்துமஸ் தாத்தா. வந்திருந்த பேரன் முறையில் ஒரு பொடியன் தலையைத்தான் முதலில் கேட்டான். கழுத்தைத் திருகினேன், உள்ளேயிருந்து பல் குத்தும் குச்சி ஒன்று கூர்முனையோடு எட்டிப் பார்த்தது. கால்களிலும் குச்சி. பக்கத்தில் இருந்த பூவின் காம்பு பச்சைக் காகிதம் சுற்றிய கம்பி. கேக்கின் அடித்தட்டைக் கத்தியால் அழுத்தினால் கிறீச்சென்று ஒரு சத்தம்: தெர்மாகோல். மேல்தட்டு மட்டும்தான் கேக்காம், உயரத்துக்காக அடியில் அதை வைத்திருக்கிறார்கள். செய்தவர் யார் என்பது இங்கே வேண்டாம். அவரும் எங்கோ பார்த்த ஒரு படத்தைத்தான் செய்து கொடுத்திருப்பார்.

உருவம் நிற்க உள்ளே ஏதாவது ஊன்றத்தான் வேண்டும், அது எனக்கும் தெரியும். காய்ந்த ஸ்பகெட்டியை ஒடித்துச் செருகினால் கைவிரல் உயரப் பொம்மை தாராளமாக நிற்கும். கடித்தாலும் பயமில்லை.

குச்சியாவது கண்ணுக்குத் தெரியும். அந்தத் தங்க மினுமினுப்புதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. கேக் சாமான் கடைகளில் இரண்டு வகைப் பொடி ஒரே அலமாரியில், ஒரே மாதிரிச் சிமிழில் இருக்கிறது. ஒன்று சர்க்கரை, கோந்து, சோள மாவு, அனுமதிக்கப்பட்ட நிறம் கொண்டு செய்தது; தின்னலாம். மற்றொன்றின் மேல் 'நச்சற்றது' என்றோ 'அலங்காரத்துக்கு மட்டும்' என்றோ எறும்பு எழுத்தில் போட்டிருக்கும். நச்சற்றது என்றால் தின்னக்கூடியது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். குழந்தைகளின் கலர் பென்சிலும் நச்சற்றதுதான். அதைத் துருவிப் பாயசத்தில் போடுவோமா?

அமெரிக்காவில் 2018இல் ரோட் ஐலண்டு மாநிலத்தில் பிறந்தநாள் கேக் தின்ற ஆறு குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தன. கேக்கின் மேல் பூசியிருந்த ரோஜாத் தங்க நிறப் பொடியைச் சோதித்தால் அது செம்புத் தூள். மிசௌரி மாநிலத்தில் அடுத்த ஆண்டு ஒரு வயதுக் குழந்தையின் ரத்தத்தில் ஈயம் கூடியிருந்தது. விசாரித்தபோது அகப்பட்ட மஞ்சள் அலங்காரப் பொடியில் ஏறக்குறைய கால் பங்கு ஈயம். அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் இவ்விரண்டையும் சேர்த்து அறிக்கையாகவே வெளியிட்டது. அங்கே நடந்தது இங்கே நடக்காது என்று நினைக்க எனக்குத் துணிவில்லை. 2024 பிப்ரவரியில் நம் தமிழ்நாட்டிலேயே பஞ்சு மிட்டாயில் ரோடமின் பி என்ற சாயம் இருப்பது தெரிந்து அதன் விற்பனையைத் தடை செய்தார்களே. துணிக்குப் போடும் சாயத்தைக் குழந்தையின் கையில் குச்சியோடு கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

அனுமதிக்கப்பட்ட சிவப்பிலும் ஒரு சங்கடம் உண்டு. செயற்கை நிறம், தின்னும் நிலையில் இருக்கும் உணவில் பொதுவாகக் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். வெள்ளைச் சர்க்கரை மாவில் இளஞ்சிவப்பு உடனே வந்துவிடும். தாத்தாவின் தொப்பிக்கான அடர்சிவப்பு அவ்வளவு லேசில் வராது. ஊற்ற ஊற்ற ரோஜா நிறத்திலேயே நின்று வெறுப்பேற்றும். பொறுமை இழந்து பாதிச் சிமிழைக் கவிழ்ப்பார்கள். ஃபாண்டன்டில், அதாவது கேக்கைப் போர்த்தவும் உருவம் செய்யவும் பிசையும் சர்க்கரை மாவில், நிறத்தைச் சேர்த்துப் பிசைந்து ஒரு ராத்திரி மூடி வைத்தால் மறுநாள் தானாகவே இரண்டு படி அடர்ந்திருக்கும், நிறமும் மிச்சம். மாணவிகளுக்கு நான் சொல்வது இன்னும் சுருக்கம்: தொப்பியைச் சிறிதாக்கு, தாடியைப் பெரிதாக்கு.

நம் டிசம்பரைப் பற்றியும் கட்டுரையாளர் யோசித்ததாகத் தெரியவில்லை. குளிர்நாட்டில் எடுத்த படங்கள் அவை. அங்கே அறைக்குள் கணப்பு எரிகிறது, காற்று உலர்ந்திருக்கிறது. நமக்கோ வடகிழக்குப் பருவமழை. பங்குனியில் மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும் ஐசிங் பூ மார்கழியில் மறுநாள் காலையிலும் விரலில் ஒட்டும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து ஃபாண்டன்ட் கேக்கை வெளியே எடுத்துவைத்த சற்று நேரத்தில் மேலெல்லாம் வியர்த்து, தொப்பியின் சிவப்பு தாடியில் இறங்கிவிடும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டது, எங்கள் தெருவில் மின்சாரம் போயிற்று. விப்பிங் கிரீமில் செய்து வைத்திருந்த அத்தனையும் புளித்துப் பாழ். பழம் ஊறவைத்துச் செய்த ப்ளம் கேக்குகளோ மேலே மார்சிபேன், அதற்கு மேல் ராயல் ஐசிங் என்று இரண்டு சட்டை போட்டுக்கொண்டு தகரப் பெட்டிக்குள் ஒன்றுமே நடக்காதது போல இருந்தன. மார்சிபேனுக்குப் பாதாம் என்பார்கள். எனக்குக் கட்டுப்படியாகாது; முந்திரியை அரைத்துச் சர்க்கரையோடு பிசைகிறேன், ரோஜாத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டால் பாதாமைத் தேட வேண்டியதில்லை. ராயல் ஐசிங் என்பது முட்டை வெள்ளையில் ஐசிங் சர்க்கரையை அடித்து எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடுவது. கொஞ்சம் கிளிசரின் சேர்த்தால் பல் உடையாது. பச்சை முட்டைக்கு அஞ்சுகிறவர்கள் கடையில் விற்கும் மெரிங்க் பொடியை, அதாவது பதப்படுத்தி உலர்த்திய முட்டை வெள்ளைப் பொடியைக் கரைத்துக்கொள்ளலாம். முதியோரும் கர்ப்பிணிகளும் இருக்கும் வீடுகளுக்கு நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். இதைக் கேக்கின் மேல் தடவி, கரண்டியின் முதுகால் தொட்டுத் தொட்டு எடுத்தால் சிறு சிறு முகடுகள் எழும். பனி என்றால் அதுதான் பனி.

புதன்கிழமை வாசகருக்காக ஒன்று சொல்கிறேன். நம்மூர் அடையாளம் வேண்டுமென்றால் தூத்துக்குடி மக்ரூனை எடுத்துக்கொள்ளுங்கள். முந்திரித்தூள், சர்க்கரை, முட்டை வெள்ளை, வேறொன்றும் இல்லை. அடி பருத்து நுனி கூர்ந்து, வெள்ளை வெளேர் என்றிருக்கும் அதைவிடப் பனி மூடிய ஊசியிலை மரம் ஒன்றைச் சர்க்கரையில் யாரால் செய்ய முடியும்? பெரிது, சிறிது, நடுத்தரம் என்று பொறுக்கி, அடியில் ஒரு பொட்டு ஐசிங் வைத்துக் கேக்கின் ஓரத்தில் வரிசையாக நிறுத்தினால் காடு தயார். கிளைகள் தெரிய வேண்டுமானால் பிழிபையில் பச்சை ஐசிங்கை நிரப்பிச் சிறிய நாசிலால் அங்கங்கே ஒரு கோடு போதும். பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் நடவேண்டும், ஈரக்காற்றில் மக்ரூன் சீக்கிரம் நமுத்துவிடும். போன வருடம் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடி வரும் எங்கள் தெரு கீத பவனிக்காரர்களுக்கு இப்படி ஒன்று செய்து வைத்தேன். கடைசிப் பாட்டு முடிவதற்குள் காட்டை அழித்துவிட்டார்கள்.

பிரெஞ்சுக்காரர்களின் மரத்தண்டு கேக்கில் பக்கத்தில் ஒட்டும் வெள்ளைக் காளானும் முந்திரி போடாத இதே சரக்குதான். தண்டின் பட்டைக்குச் சாக்லேட் பட்டர் கிரீமில் முள்கரண்டியை நீளவாக்கில் இழுக்க வேண்டும். வெட்டிய முனையில் வட்டம் வட்டமாக. கரண்டியை நேராக இழுக்காமல் லேசாக நடுங்கவிட்டால்தான் மரமாகத் தெரியும். என் வயதுக்காரிகளுக்கு அந்த நடுக்கம் பயிற்சி இல்லாமலே வரும்.

அலங்காரம் கேக்கின் மேல்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. கொழும்பில் இருக்கும் என் நாத்தனார் செய்வது அவ்வூர் கிறிஸ்துமஸ் கேக்: ரவை, முந்திரி, பூசணிப் பாகுத் துண்டு, இஞ்சிப் பாகு, தேன். பார்வைக்குக் கறுத்த செங்கல். அதைத் துண்டு போட்டு ஒவ்வொன்றையும் மெழுகுக் காகிதத்தில் மடித்து, அதன் மேல் வண்ணக் காகிதம் சுற்றிக் கொடுக்கிறார்கள். சிவப்பும் தங்கமும் காகிதத்தோடு போய்விடுகின்றன, வயிற்றுக்குள் இறங்குவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. கிறிஸ்துமஸ் அன்று நாங்கள் கேக் கொடுத்தனுப்பும் வீடுகளில் பாதி எங்கள் வீடு போன்றதல்ல. மூன்றாம் வீட்டு மாமி முட்டை தொடமாட்டார். அவருக்கென்று 'முட்டையில்லாக் கேக்' வாங்கிப் போகிறோம். மேலே உள்ள ராயல் ஐசிங்கில் முட்டை வெள்ளை இருக்கிறதே! மார்ஷ்மெல்லோவை உருக்கிப் பிசைந்த ஃபாண்டன்ட் என்றால் அதில் பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது மாட்டின், பன்றியின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. ஜெலட்டின் இல்லாத ஃபாண்டன்ட் பொட்டலங்களும் கிடைக்கின்றன, பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்கலாம். ஆனால் அலங்கரித்து முடித்து அட்டைப்பெட்டியில் வைத்துக் கொடுக்கும் கேக்கில் புள்ளி ஏது? கேட்டால் கடைப் பையன், "முட்டை இல்லக்கா" என்கிறான். அவனைப் பொறுத்தவரை அது உண்மைதான். கேள்வி கேக்கைப் பற்றியது என்று நினைத்துக்கொள்கிறான், மேலே இருப்பதைப் பற்றி அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நம்பி வாங்கித் தின்னும் மாமியிடம் நான் எந்த முகத்தோடு நிற்பது?

ஆகவே என் வேண்டுகோள் பெரிதல்ல. பேக்கரிக்காரர்களும் வீட்டிலிருந்து செய்து விற்கும் என்னைப் போன்றவர்களும் பெட்டியின் மேல் ஒரு சீட்டு ஒட்டட்டும்: மேலே உள்ளவற்றில் தின்னக்கூடியவை எவை, எடுத்துவிட வேண்டியவை எவை, முட்டையோ ஜெலட்டினோ இருக்கிறதா. நான் இந்த வருடம் ஒட்டத் தொடங்கிவிட்டேன். கையால் எழுதுகிறேன், ஒரு கேக்குக்கு ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. தாங்களும் அடுத்த இணைப்பில் ஒவ்வொரு படத்தின் அடியிலும், எடுத்தவர் பெயரைப் போடுவது போல, அந்தப் பனி எதனால் செய்தது, அந்தத் தங்கம் எதனால் செய்தது என்று ஒரு வரி போடுங்கள். போட முடியாத படத்தை விட்டுவிடுங்கள்.

கடிதத்தை வெளியிடுவதாக இருந்தால் 20ஆம் தேதிக்குள் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகு ஆர்டர் கொடுத்தவர்களும் மாற்ற மாட்டார்கள், எடுத்தவர்களுக்கும் செய்தித்தாள் படிக்க நேரம் இருக்காது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மனையியல் ஆசிரியை,
பாளையங்கோட்டை.