கிரேக்க நாடகத்தைத் தரைக்குக் கொண்டுவாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதுச்சேரிக் கல்லூரி விழாக்களில் மாணவர்கள் கிரேக்க நாடகங்களைப் போட முன்வருவது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் அவற்றைத் திரைச்சீலை கட்டிய கலையரங்க மேடையில் ஏற்றுவதுதான் பொருந்தவில்லை. கிரேக்கத்தின் பழைய திறந்தவெளி அரங்கான எபிடாரஸை எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் 20 மீட்டர் குறுக்களவில் ஒரு வட்டத் தரை, எதிரே மலைச்சரிவில் 55 வரிசைக் கல் இருக்கைகள். அந்தத் தரைக்குப் பெயரான 'ஆர்க்கெஸ்ட்ரா' என்றாலே ஆடுகளம் என்றுதான் பொருள். பழைய கிரேக்க நாடக ஆசிரியர் சோபோக்ளிஸின் நாடகங்களில் கோரஸ் எனும் பாட்டுக் குழுவினர் 15 பேர் இப்படிப்பட்ட தரையில் பாடிக்கொண்டே ஆடினார்கள், கூடவே சீவாளி வைத்த இரட்டைக் குழல். நாம் மேடை ஓரத்தில் நாலு பேரை நிறுத்தி ஒப்பிக்க விடுகிறோம். கூத்து பார்த்து வளர்ந்த கடலூர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம், கூத்தில் சீவாளி வைத்த சிறு குழலான முகவீணை வாசிப்பவர் ஒருவரை அழைத்து வந்தால் போதும்.

மைதானத்தில் முளை அடித்து, 6 மீட்டர் கயிறு பிடித்து, கோலமாவால் வட்டம் போடுங்கள். வரிசைக்கு ஐவராக மூன்று வரிசை கைவீசி ஆட அது தாராளம். பார்வையாளர்களை மேற்கே உட்கார வையுங்கள். மாலையில் கடற்காற்று கிழக்கிலிருந்து வீசுவதால் குரல் அவர்களை நோக்கியே வரும், சாயும் வெயிலும் முகமூடிகள் மேல் நேராக விழும். திசையை மாற்றிப் போட்டால் காற்று வசனத்தைக் கடலுக்கு எதிர்ப்புறம் அள்ளிக்கொண்டு போய்விடும். நடிகர்களுக்குப் பின்னால் துணி கட்டாதீர்கள், அது குரலை விழுங்கும். பலகைத் தடுப்பு வேண்டும்.

முகமூடியில்தான் பெரும்பாலும் சொதப்புகிறது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்தால் கழுத்து கால்மணி நேரம் தாங்காது. கிரேக்கர்கள் லினன் துணியை விறைப்பாக்கிச் செய்தார்கள். நமக்குப் பழைய வேட்டித் துணி இருக்கிறது. வில்லியனூர்க் களிமண்ணில் அச்சு செய்து, புளியங்கொட்டைப் பசையில் தோய்த்த துண்டுகளை நாலைந்து அடுக்கு ஒட்டலாம். ஒவ்வொரு அடுக்கும் நன்றாகக் காய வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் அவசரப்பட்டு ஒட்டினால் உள்ளே பூஞ்சை பிடித்துத் தாடை தொங்கிவிடும். திருக்கனூர் காகிதக்கூழ்க் கலைஞர்களிடம் கேட்டால் பக்குவம் சொல்வார்கள். முகமூடி முடியோடு சேர்த்துத் தலை முழுவதையும் மூட வேண்டும். வாய்த்துளை சிறிதானால் பேச்சு உள்ளேயே முழங்கும். போட்டவர் தலையை மட்டும் திருப்பக் கூடாது, உடம்போடு திரும்ப வேண்டும்.

இன்னொன்று. கிரேக்கத்தில் ஒரு நாடகத்தின் எல்லாப் பாத்திரங்களையும் மூன்று நடிகர்களே மாறி மாறி ஏற்றார்கள். சோபோக்ளிஸின் 'அண்டிகனி' நாடகத்தில் எட்டுக்குக் குறையாத பாத்திரங்கள். கோரஸ் பாட்டு நீளம் என்று இயக்குநர்கள் முதலில் வெட்டுவது அதைத்தான். மூவரை வைத்து நடத்தும்போது அந்தப் பாட்டு முடிவதற்குள்தான் உள்ளே போனவர் உடுப்பும் முகமூடியும் மாற்றிக்கொண்டு அடுத்த ஆளாக வெளியே வர வேண்டும்.

இப்படிக்கு,
நாடகப் பயிற்சியாளர்கள் சிலர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.