வகுப்பை முடிவு செய்யும் முன்

அன்பு மகளுக்கு,

பொதுப்பணித் துறையில் ஒப்பந்ததாரராகப் பதிவு செய்யப்போவதாக எழுதியிருந்தாய். தாராளமாகச் செய். எந்த வகுப்பில் பதிவது என்றுதானே குழப்பம்? ஒன்று முதல் ஐந்து வரை ஒவ்வொரு வகுப்புக்கும் வேலை மதிப்பில் ஒரு வரம்பு உண்டு. ஒன்றாம் வகுப்புதான் உச்சம். வரம்பைப் பார்த்து ஆசைப்படாதே கண்ணு. எவ்வளவு பணம் எத்தனை மாதம் முடங்கினால் உன்னால் தாங்க முடியும் என்று முதலில் கணக்குப் போடு.

விண்ணப்பத்தில் அதிகம் இழுபறியாவது தாசில்தார் தரும் சொத்து மதிப்புச் சான்றுதான், நம் ஆட்கள் சால்வன்சி என்பார்களே, அது. இ-சேவை மையத்தில் பத்திர நகல், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது வைத்து விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.), வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) விசாரணை முடிந்து தாசில்தாருக்குப் போகும். கூட்டுப் பட்டா என்றால் உன் பங்குக்கு மேல் மதிப்பு வராது. வீட்டுக்கடன் அடைத்த பிறகும் வங்கியின் அடமானம் வில்லங்கத்தில் ரத்தாகாமல் நின்றால் கேள்வி வரும். கடன் தீர்ந்ததாக வங்கி எழுதித் தரும் ரசீது ஆவணத்தைப் பதிந்து அதை முதலில் நீக்கு. சான்றின் ஆயுள் ஓராண்டுதான். அதனால் மற்றக் காகிதங்களைத் தயாராக்கிவிட்டு இதைக் கடைசியில் வாங்கு.

அடுத்தது உன் இனிஷியல். பட்டாவில் என் முதலெழுத்து இருக்கும், ஆதாரில் மாப்பிள்ளை பெயர் இருக்கும், பான் அட்டையில் வேறு எழுத்துக்கூட்டல் இருக்கும். இணைய டெண்டருக்கு வேண்டிய டிஜிட்டல் கையொப்பத்தையும், ஜி.எஸ்.டி. பதிவையும் பான் பெயரில்தான் தருவார்கள். கல்யாணமான பெண்களுக்கு இதில்தான் அலைச்சல் அதிகம். எல்லாவற்றையும் பான் பெயருக்குக் கொண்டுவந்துவிட்டு விண்ணப்பம் போடு.

மாப்பிள்ளையைச் சேர்த்துப் பங்குதாரர் நிறுவனமாகப் போடலாமா என்று கேட்டாய். போடலாம். பதிவுத்துறையில் நிறுவனத்தைப் பதிந்து, அதன் பெயரிலேயே தனி பான், ஜி.எஸ்.டி., வங்கிக் கணக்கு வேண்டும். ஆனால் உன் தனிப்பெயரில் செய்த வேலைகளின் அனுபவம் தானாக நிறுவனத்துக்கு வந்துவிடாது. அதை யோசித்துக்கொள்.

அனுபவம் என்றதும் நீ கட்டிய வீடுகளை நினைப்பாய். தனியார் வேலைக்கு ஒப்பந்தமும், வருமான வரி பிடித்ததற்கான ஆதாரமும் கேட்பது வழக்கம். வீடு கட்டுபவர்கள் பெரும்பாலும் வரி பிடிப்பதில்லையே! அதனால் கீழ் வகுப்பில் நுழைந்து, இரண்டு மூன்று அரசு வேலை முடித்து, செயற்பொறியாளரிடம் முடிப்புச் சான்று வாங்கி மேலே போவதுதான் சரி.

இணையத்தில் டெண்டர் போடுவது பெரிய வித்தை இல்லை. 'கிளாஸ் 3' டிஜிட்டல் கையொப்பம் வேண்டும். இது கையொப்பத்தின் வகை, உன் பதிவு வகுப்பு இல்லை. பல டெண்டர்களில் தொழில்நுட்ப உறை, விலை உறை என்று இரண்டு இருக்கும். விலை எக்செல் கோப்பின் பெயரை மாற்றினால் தளம் ஏற்காது. எல்லாம் ஏற்றிய பிறகு ஃப்ரீஸ் பொத்தானை அழுத்தினால்தான் டெண்டர் போட்டதாகக் கணக்கு. பலர் தவறவிடுவது இதைத்தான். கடைசி நேரம் வரை விலையைத் திருத்தலாம். வாபஸ் வாங்கிவிட்டால் மறுபடி போட முடியாது. உன் கடிகாரத்தை நம்பாதே, சர்வர் நேரம்தான் நேரம்.

இனி விலை. போட்டியில் எல்லாரும் 'லெஸ்', அதாவது எஸ்டிமேட்டுக்குக் கீழே, போடுகிறார்களே என்று நீயும் இறங்காதே. எஸ்டிமேட் 40 லட்சம், நீ 20 விழுக்காடு குறைத்து 32 லட்சம் போட்டாய் என்று வை. 5 முதல் 15 விழுக்காடு வரை குறைந்தால் ஒப்பந்தத் தொகையில் 2 விழுக்காடு கூடுதல் காப்புத்தொகை கேட்பார்கள். 15ஐத் தாண்டினால் வித்தியாசத்தில் பாதி. உனக்கு வித்தியாசம் 8 லட்சம், ஆக 4 லட்சம் கட்டவேண்டும். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடுவார்களோ என்ற பயம் அவர்களுக்கு. டெண்டர் போடும்போதே கட்டும் முன்வைப்புத்தொகை எஸ்டிமேட்டில் 1 விழுக்காடு, 40 ஆயிரம். பில்லில் 5 விழுக்காடு பிடித்து வைத்தால் இன்னும் 1 லட்சத்து 60 ஆயிரம். மொத்தம் 6 லட்சம் உன் கையில் இல்லை. அதில் ஒரு பகுதி, வேலை முடிந்த பின் குறைகளை நீயே சரிசெய்ய வேண்டிய பராமரிப்புக் காலம் முடிந்துதான் திரும்பும்.

இதற்குமேல் ஒவ்வொரு பில்லிலும், உன் தனிப்பெயரில் என்றால், வருமான வரி 1, ஜி.எஸ்.டி. பிடித்தம் 2, தொழிலாளர் நல நிதி 1 விழுக்காடு போகும். ஜி.எஸ்.டி. பிடித்தத்தை ஜி.எஸ்.டி. தளத்தில் நீ ஏற்றுக்கொண்டால்தான் அங்கே உன் பெயரில் உள்ள ரொக்கப் பேரேட்டுக்கு வரும். உன் விலையில் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. அடக்கமா, தனியா என்பதையும், நல நிதி எஸ்டிமேட்டில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் விலை எழுதுமுன் படித்துவிடு.

செய்த வேலையைப் பொறியாளர் அளந்து எழுதும் எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில், ஏறாத வேலைக்குப் பணம் கிடையாது. அஸ்திவாரக் குழியை அளக்காமல் கான்கிரீட் போட்டு மூடிவிடாதே. பொறியாளர் வர ஒரு நாள் தாமதமானாலும் காத்திரு.

அடுத்த முறை வரும்போது மனைப் பத்திரத்தின் நகலை எடுத்து வா. வில்லங்கத்தை 30 வருடத்துக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

அன்புடன்,
அப்பா