டேர்டெவில்: வெள்ளி இரவு இரண்டாம் எபிசோடு

நண்பர்களே, மார்வெல் சூப்பர்ஹீரோ தொடரான 'டேர்டெவில்' முதல் சீசனின் இரண்டாம் எபிசோடை இந்த வெள்ளி இரவு எல்லோரும் ஒரே நேரத்தில் பார்க்கிறோம். 2015ல் வந்தது, ஆனாலும் அந்த நடைவழிச் சண்டைக்காக எத்தனை முறையும் பார்க்கலாம். இந்த முறை நாயகனாக நடிக்கும் சார்லி காக்ஸ் மூச்சு வாங்குவதைக் கவனியுங்கள். அடிக்கிறார், சுவரில் சாய்கிறார், தள்ளாடியபடி மறுபடி அடிக்கப் போகிறார். எடிட்டிங் வெட்டே தெரியாமல் கேமரா கூடவே நகர்வதால் அந்தக் களைப்பு நமக்கும் ஏறிவிடுகிறது. ஜெயிக்கிறவனுக்கும் உடம்பு வலிக்கும் என்று காட்டியதால்தான் இந்தத் தொடர் எனக்கு இவ்வளவு பிடிக்கும்.

அப்புறம், பலர் முதல்முறை பார்க்கிறார்கள். மூன்று சீசனுக்கும் சேர்த்து 39 எபிசோடு. வில்லன் ஃபிஸ்க்கின் கதையை இப்போதே உடைத்துவிடாதீர்கள். 2025ல் வந்த தொடர்ச்சித் தொடரான 'பார்ன் அகெய்ன்' பற்றிய பேச்சும் இதெல்லாம் முடிந்த பிறகுதான். மீம் போட்டால் எபிசோடு எண்ணை மேலே எழுதிவிடுங்கள்.