டப்பா வராது, ஆட்டம் வரும்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அப்பாவின் முட்டி மழைக்கு மட்டும் முனகுகிறது. நீ நேரத்துக்குப் பசியாறுகிறாயா? மெல்பர்னில் குளிர் தொடங்கிவிட்டதாம், அக்கா சொன்னாள்.

உன் பழைய பிஎஸ்பியை, அந்த சோனி கையடக்க கேம் மெஷினை, அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாய். வாட்ஸ்அப்பில் பதில் போட்டால் பாதி படித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவாய், அதனால்தான் கடிதம். அந்த டப்பாவைத் தபாலில் அனுப்ப மாட்டேன். எடுத்துப் பார்த்தபோது பின்மூடி மூடாமல் துருத்திக்கொண்டு நின்றது. முதல் பேட்டரி செத்த பிறகு நீ எங்கோ வாங்கிப் போட்டாயே, பேர் தெரியாத ஒன்று, அது அப்பளம் மாதிரி உப்பிக் கிடந்தது. உப்பிப்போன லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றவே கூடாது. அதைக் கழற்றி, மணல் போட்ட பிஸ்கட் டின்னில் வைத்து பால்கனி மூலையில் தள்ளிவிட்டேன். அப்பா இ-வேஸ்ட் எடுக்கிற இடத்தில் கொடுப்பதாகச் சொன்னார். இன்னும் கொடுக்கவில்லை.

பேட்டரி இல்லாமலும் பிஎஸ்பி சார்ஜர் வயரில் ஓடும். ஓடுகிறது. திரையில் ஒரு புள்ளிகூடச் சாகவில்லை. அதன் மெமரி ஸ்டிக் கார்டில் இருந்ததை எல்லாம் கம்ப்யூட்டருக்கு எடுத்துவிட்டேன். பிஎஸ்பி என்ற ஃபோல்டருக்குள் சேவ்டேட்டா என்று ஒன்று, ஆட்டத்தை நீ நிறுத்திய இடம் பதிந்திருப்பது, அதற்குள் ஆட்டத்துக்கு ஒன்றாகக் குட்டிக் குட்டி ஃபோல்டர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் படம் இருப்பதால் எது எந்த ஆட்டம் என்று எனக்கே தெரிந்தது. ஒவ்வொரு ஃபைலுக்கும் தேதி, நேரமும் இருக்கிறது, தம்பி. 2009, எஸ்பிஎம் டிரயல் பரீட்சை வாரம், விடியற்காலை இரண்டு மணி. நான் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவிடமும் காட்டவில்லை.

நீ அதில் புது கஸ்டம் ஃபர்ம்வேர், அதுதான் வெளியாட்கள் மாற்றி எழுதிய சிஸ்டம், ஏற்றப் போவதாக எழுதியிருந்தாய். அதற்கு முதலில் சோனி சிஸ்டத்தின் 6.61 பதிப்புக்குப் போக வேண்டும், சோனி 2015-ல் கடைசியாக விட்டது அதுதான். ஆனால் பேட்டரி, சார்ஜர் இரண்டுமே இருந்தால்தான் அப்டேட் தொடங்கும். அது நல்லதற்குத்தான். பிஎஸ்பியின் சிஸ்டம் குடியிருப்பது மதர்போர்டில் ஒட்டிய ஃபிளாஷ் சிப்பில். எழுதும்போது பாதியில் கரண்ட் போனால் சிப்பில் பாதி பழசு, பாதி புதுசு. அப்புறம் அது பேப்பர் பறக்காமல் வைக்க மட்டும்தான் ஆகும். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் டெஸ்டிங் லைனில் இருந்தவள் நான். புரோகிராம் ஏறாத போர்டு எப்படி விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் அப்படிச் செத்த பிஎஸ்பிகளை எழுப்பக் கண்டுபிடித்த வழியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, மரியாதையும் வந்தது. 2007-ல் வந்த பண்டோரா பேட்டரி உனக்கு ஞாபகம் இருக்கும். பிஎஸ்பி பேட்டரிக்குள் ஒரு குட்டிச் சிப், அதில் ஒரு சீரியல் நம்பர். அந்த நம்பரை முழுக்க எஃப் எழுத்தாக மாற்றிவிட்டால், மெஷின் தன்னைச் சர்வீஸ் சென்டருக்கு ரிப்பேருக்கு எடுத்து வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும். உள்ளே இருக்கும் ஃபிளாஷைத் தொடாமல் நேராக மெமரி ஸ்டிக்கில் இருந்து பூட் ஆகும். ரிப்பேர்காரர்களுக்கு வைத்த பின்வாசல்! டெஸ்டிங் செய்பவர்கள் இப்படி ஒரு வாசல் வைக்காமல் எந்தப் போர்டையும் வெளியே விட மாட்டார்கள், அது திருட்டுப் புத்தி இல்லை, தேவை. அதைக் கண்டுபிடித்தவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. பிறகு 2000 மாடலின் கடைசிப் போர்டுகளிலும் 3000-லும் சோனி அந்த வாசலை அடைத்துவிட்டது.

உன்னுடையது ஸ்லிம், அந்த 2000 மாடல்தான், முந்தைய போர்டு. செட்டிங்ஸில் 5.00 எம்33 என்று காட்டுகிறது. ஸ்பெயின்காரர் ஒருவர், டார்க் அலெக்ஸ் என்ற பேரில் செய்த கஸ்டம் ஃபர்ம்வேர் வரிசையில் வந்தது. அதை அப்படியே விட்டுவிடு. அது போதும். புதுசு என்பதற்காகவே புதுசு ஏற்றுகிற வியாதி உனக்கு உன் அப்பாவிடம் இருந்து வந்தது. அவர் போனில் அப்டேட் என்று எது வந்தாலும் படிக்காமல் அமுக்குவார்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். உனக்கு வேண்டியது அந்த டப்பா இல்லை, அதற்குள் பாதியில் நிற்கிற ஆட்டம் என்றுதான் எனக்குப் படுகிறது. அக்கா மகன் பிறந்தநாளுக்கு பிராங்கின் மாலில் ஒரு கையடக்க கேம் மெஷின் வாங்கினோம், ஆன்பெர்னிக் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் எச். நாலு கோர் ஆல்வின்னர் எச்700 சிப், 1 ஜிபி ராம். உன் ஸ்லிம்மில் 64 எம்பி, முதல் பிஎஸ்பியில் 32 எம்பிதான், 333 மெகாஹெர்ட்ஸ் சிப். இந்தப் புதிதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்றுண்டு. உள்ளே சிஸ்டம் என்று எதுவும் கிடையாது. எல்லாம் மைக்ரோ எஸ்டி கார்டில். அதோடு வந்த கார்டை எடுத்துப் பத்திரமாக உறையில் போட்டு வைத்தேன். புதுக் கார்டு ஒன்றில் மியூஓஎஸ் என்ற சிஸ்டத்தை எழுதிச் சொருகினேன். பிடிக்காவிட்டால் கார்டை மாற்றினால் போதும், மெஷின் எதையும் ஞாபகம் வைத்திருக்காது. நல்லி என்று இன்னொன்று, படோசெரா என்ற பழைய ஆட்டங்களுக்கான சிஸ்டத்தில் இருந்து பிரிந்தது, அதையும் போட்டுப் பார்த்தேன். பார்க்க அழகு, பேரனுக்கு அதுதான் பிடித்தது. எனக்கு மியூஓஎஸ் போதும், சட்டென்று திறக்கிறது, நிறுத்தச் சொன்னால் நிற்கிறது. அடியில் இரண்டும் லினக்ஸ்தான்.

இப்படிக் கையடக்க மெஷினில் லினக்ஸ் ஓட்டுகிற பழக்கம் நேற்று வந்ததில்லை. 2005-லேயே கொரியாவில் இருந்து ஜிபி2எக்ஸ் வந்தது, லினக்ஸில் ஓடியது. 2009-ல் சீனாவின் டிங்கூ, அதற்கு வெளியாட்கள் டிங்குக்ஸ் என்று லினக்ஸ் எழுதினார்கள். இதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கும், நான் இப்போதுதான் படிக்கிறேன்.

பேரனின் மெஷினில் பிபிஎஸ்எஸ்பிபி இருக்கிறது. ஸ்வீடன்காரர் ஹென்ரிக் ரிட்கார்ட் 2012-ல் வெளியிட்ட எமுலேட்டர், அதாவது வேறு மெஷினைப் பிஎஸ்பி மாதிரி நடிக்கவைக்கிற புரோகிராம். பிஎஸ்பியின் சிஸ்டம் செய்கிற வேலைகளைத் தானே செய்துவிடுவதால் சோனியின் பயோஸ் ஃபைல் எதுவும் கேட்பதில்லை. பிஎஸ்பியில் இருந்து எடுத்த சேவ் ஃபோல்டரை அதன் சேவ்டேட்டாவுக்குள் போட்டால் எடுத்துக்கொள்கிறது. உன் வேட்டை ஆட்டத்தில் நீ விட்ட இடத்திலேயே, அதே கிராமத்தில், அதே கவசத்தோடு அந்த ஆள் நின்றான். எல்லா ஆட்டமும் இதில் சுகமாக ஓடாது. கனமானவை திணறுகின்றன. பிஎஸ்பி திரை அகலம், இது சதுரத்துக்குப் பக்கம், அதனால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை. நீ லேப்டாப்பில் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

எமுலேட்டர் எப்படி இவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பேரன் கேட்டான். ஃபேக்டரி கதையைத்தான் சொன்னேன். புதிதாக ஆள் சேர்ந்தபோது வேலை முறை எல்லாம் இங்கிலீஷில் இருக்கும். முதலில் லீடர் ஒரு வரி படிப்பார், ஒருத்தி தமிழில் சொல்வாள், நாங்கள் செய்வோம், அடுத்த வரி. லைன் நகரவே நகராது. பிறகு அவளே எல்லாவற்றையும் தமிழில் எழுதி ஒவ்வொரு மேசையிலும் ஒட்டிவிட்டாள். அடுத்த போர்டுக்கு யாரும் படித்துக்காட்டத் தேவையில்லை. எமுலேட்டருக்குள் இருக்கும் டைனரெக் என்ற வித்தை செய்வது இதுதான். ஒரு சிப்பின் கட்டளைகளை ஒவ்வொரு தடவையும் மாற்றிச் சொல்லாமல், ஒரு தடவை மாற்றி எழுதி வைத்துக்கொண்டு அதையே ஓட்டுகிறது. நீ பிஎஸ்பியில் கேம்பாய் அட்வான்ஸ் ஆட்டம் விளையாடிய ஜிபிஎஸ்பி எமுலேட்டர் அப்படி எழுதியதுதான், 2006-ல் எக்ஸோஃபேஸ் என்பவர் பிஎஸ்பிக்காகவே எழுதினார். அதன் வாரிசு இந்தப் புது மெஷினில் பல எமுலேட்டர்களை ஒன்றாக வைத்திருக்கும் ரெட்ரோஆர்ச்சுக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அதைப் பார்த்தபோது பழைய ஆளைச் சந்தையில் பார்த்த மாதிரி இருந்தது.

இதெல்லாம் சட்டப்படி சரியா என்று அக்கா கேட்டாள், அவள் வேலை அப்படி. எமுலேட்டர் எழுதுவது தவறில்லை என்று 2000-லேயே அமெரிக்க அப்பீல் கோர்ட் சொல்லிவிட்டது, பிளேஸ்டேஷன் எமுலேட்டர் செய்த கனெக்டிக்ஸ் மேல் சோனி போட்ட கேஸில். அதை நம்பி எதையும் செய்யலாம் என்று இல்லை. 2024-ல் யூசு என்ற நின்டெண்டோ ஸ்விட்ச் எமுலேட்டரைச் செய்தவர்கள் நின்டெண்டோவுக்கு 24 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு கடையை மூடினார்கள். கடைகளில் ஆயிரக்கணக்கில் ஆட்டம் நிரப்பிய கார்டும் தருகிறார்கள். அதில் பாதியைப் பேரன் திறக்கக்கூட மாட்டான், இன்னொருத்தர் சொத்து வேறு. நான் அதில் ஒன்றையும் புதுக் கார்டுக்கு எடுக்கவில்லை. அலமாரியில் இருக்கும் உன் யுஎம்டி டிஸ்க்குகளையே, நீ வாங்கிய பிஎஸ்பி ஆட்ட டிஸ்க்குகளையே, எடுத்தேன். எம்33-ல் செலக்ட் பட்டனை அழுத்தினால் வரும் சின்ன மெனுவில் யுஎஸ்பி டிவைஸ் என்பதை யுஎம்டி டிஸ்க்குக்கு மாற்றி வயரைச் சொருகினால், டிஸ்க் முழுக்க ஒரே ஐஎஸ்ஓ ஃபைலாகக் கம்ப்யூட்டரில் தெரியும். பெரிய டிஸ்க் 1.8 ஜிபி வரை. ஆட்டுக்கல் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு மெதுவாகத்தான் வரும். அப்பா கேட் திறந்து கிடக்கிறதா என்று எழுந்து பார்த்தார்.

சேவ் ஃபோல்டர்களை ஸிப் செய்து டிரைவில் போட்டிருக்கிறேன், டிஸ்க் ஃபைல்கள் பெரியவை, தனியாக ஏற்றுகிறேன். நீ அங்கே வேறு டிஸ்க் வாங்கி வைத்திருந்தால் முதலில் அதன் கோட் எண்ணைப் பார். உன் சேவ் எல்லாம் யுஎல்இஎஸ்ஸில் தொடங்குகிறது, ஐரோப்பா டிஸ்க். அமெரிக்க யுஎல்யுஎஸ்ஸோ ஜப்பான் யுஎல்ஜேஎம்மோ வைத்திருந்தால் ஆட்டம் ஓடும், ஆனால் பழைய சேவைத் திரும்பிப் பார்க்காது. எது என்று வாட்ஸ்அப்பில் அனுப்பு, அதற்குக் கட்டைவிரல் பத்தாது.

பிஎஸ்பியைத் தீபாவளிக்கு வரும்போது நீயே கையில் எடுத்துப் போ. பேட்டரி புதுசு வேண்டுமா என்று முன்னாலேயே சொல், அப்பா டவுனுக்குப் போகும்போது கேட்டுப் பார்ப்பார்.

இன்னொன்று. பேரன் உன் வேட்டை ஆட்டத்தில் உன் ஆளையே எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விட்டான். நீ சேர்த்து வைத்திருந்த மருந்தெல்லாம் தீர்ந்துபோயிற்று, புதிதாக ஒரு வாலும் இரண்டு கொம்பும் கிடைத்திருக்கின்றனவாம். உன் ஒரிஜினல் சேவைத் தனியாக எடுத்து வைத்த பிறகுதான் அவன் கையில் கொடுத்தேன், பதறாதே. டிரைவில் இரண்டும் இருக்கின்றன, எது வேண்டுமோ எடுத்துக்கொள்.

அன்புடன்,
அம்மா
கெலுகோர், பினாங்கு