கருவிக் கொள்முதல் குழுவினருக்கு: தேய்ந்த பூட்டுகளை மாற்றித் தாருங்கள்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு வணக்கம்.

அறுவை அரங்கில் கருவி எடுத்துக் கொடுக்கும் செவிலியராக இதை எழுதுகிறேன். வயிற்றுப் பக்கமாக இடுப்பு முதுகெலும்பை அணுகும் அறுவைகளுக்கான ரிட்ராக்டர் செட்டை, அதாவது உள்ளுறுப்புகளை விலக்கிப் பிடிக்கும் கருவித் தொகுப்பைப் பற்றி மூன்று முறை எழுதிக் கொடுத்துவிட்டோம் என்பதால் பழையவற்றை விட்டுவிட்டு, சென்ற வாரம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

இடுப்பு முதுகெலும்பின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையிலுள்ள எல்4-எல்5 டிஸ்க்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கேஜ் என்னும் தாங்கியை வைக்கும் அறுவை அது. இலியோலம்பார் என்னும் கிளைச் சிரையைக் கட்டி வெட்டிய பிறகு, காலிலிருந்து வரும் பெரிய சிரையான இடது இலியாக் சிரையை வலப்பக்கமாக நகர்த்தி, ரிட்ராக்டரின் தகடான பிளேடுக்குப் பின்னால் நிறுத்தினார் மருத்துவர். மேசையோடு பிணைத்த வளையத்தில் பிளேடைத் தாங்கும் கரத்தை மாட்டிப் பூட்டைத் திருகினோம், இறுகியதாகத்தான் தெரிந்தது. டிஸ்க்கைச் சுரண்டிக்கொண்டிருக்கையில் பிளேடின் நுனி எலும்பின் ஓரத்தை விட்டு மெல்ல நழுவ, கருநீலச் சிரை உள்ளே பிதுங்கி வந்தது. அப்போது சுரண்டும் கருவியான க்யூரெட்டுக்கும் அதற்கும் ஒரு விரற்கடை தூரம்கூட இல்லை. மீதி நேரம் முழுவதும் உதவி மருத்துவர் கைப்பிடி ரிட்ராக்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிந்தபோது அவருடைய விரல்கள் விரியவில்லை. ஒவ்வொன்றாக நான்தான் பிரித்துவிட்டேன்.

அந்தச் சிரையின் சுவர் மிக மெல்லியது. பிளேடின் அழுத்தத்தில் தட்டையாகக் கிடக்கும்போது அது கிழிந்தாலும், பிளேடை எடுக்கும்வரை இரத்தம் வெளியே தெரியாமல் போகலாம். இன்னொன்றும் உண்டு. இடது கால் பெருவிரலில் மாட்டிய, நாடித் துடிப்பைக் காட்டும் ஆக்சிமீட்டரின் அலை மங்கினால், தமனி நசுங்குகிறது என்று பிளேடைத் தளர்த்திக் காலுக்கு இரத்தம் ஓடவிட வேண்டும். பூட்டை நம்ப முடியாதபோது, மறுபடி அதே இடத்தில் நிற்குமோ நிற்காதோ என்ற பயத்தில் தளர்த்தவே கை தயங்குகிறது.

ஆகவே பூட்டுத் தேய்ந்த கரங்களை மாற்றித் தாருங்கள். எக்ஸ்ரே ஊடுருவும் பிளேடுகளை எல்லா நீளத்திலும் தாருங்கள். இப்போது சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவியில் படம் எடுக்கும்போதெல்லாம் உலோகம் குறுக்கே விழுந்து, எந்த எலும்பு மட்டம் என்று பார்ப்பதே சிரமமாகிறது.

"இன்னும் உடையவில்லையே" என்பதே சென்ற முறை எங்களுக்குக் கிடைத்த பதில். கேஜுக்கும் ஸ்க்ரூவுக்கும் தாமதமின்றி ஒப்புதல் தருகிறீர்கள். நோயாளியின் உடலில் தங்காத கருவி என்றால் மட்டும் கோப்பு நகர்வதில்லை. அது உடைந்துதான் தீர வேண்டுமென்றால், உடையும் அந்த நேரத்தில் ஒருவருடைய வயிறு திறந்திருக்கும்.

வார்த்தை கடுமையாகியிருந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த அறுவைக்கு நாள் குறிக்கும் முன் அந்தப் பூட்டுகளை மாற்றித் தருமாறு மீண்டும் பணிவோடு கேட்கிறேன். நழுவிய கரத்தில் சிவப்பு நாடா கட்டித் தனியே வைத்திருக்கிறோம். உங்களில் ஒருவராவது வந்து, உங்கள் கையாலேயே அதைத் திருகிப் பாருங்கள்.

இப்படிக்கு,
அறுவை அரங்கச் செவிலியர்